புற்றுநோய் நீங்கியோரும் தொழில் மீட்சியும்

நெடுநாட் சிகிச்சை முடிந்து ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகின்றார். படலையடியில் வாகனம் நின்றதும் சுற்றத்தார் கூடிவிடுகின்றனர். கோயிலில் அருச்சனை செய்வித்து விபூதிப் பிரசாதம் கொண்டு வந்தவரும், பழங்கள் வாங்கி வந்தவரும், வெறுங்கையோடு வந்து கண்கலங்கி நிற்பவரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றனர்: “இனி ஒரு வேலையும் செய்யவேண்டாம், ஆறுதலாய் இருங்கோ.”

அவ்வார்த்தையில் உள்ள அன்பை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் நாற்பது அல்லது ஐம்பது வயதிலே, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் காலத்திலே, நோய் நீங்கிய ஒருவரை இனி எதற்கும் உதவாதவர் என ஒதுக்கி வைக்கும் தீர்ப்பும் அதனுள் மறைந்திருக்கின்றது. சாய்மனைக் கதிரையில் அமர்ந்து வீதியைப் பார்த்திருக்கும் அவருக்கு உடல்நோய் தீர்ந்தும் வாழ்வு திரும்பவில்லை. வருவாய் நின்றது, தோழமை குறைந்தது, தாம் யாருக்குப் பயன்படுகின்றோம் என்னும் வினா மனத்தை அரிக்கின்றது. நோயைத் தீர்ப்பது சிகிச்சையின் முதற்பாதி; நோயாளியைத் தம் தொழிலுக்கும் சமூகத்துக்கும் மீட்டுக்கொடுப்பது அதன் மறுபாதி. அம்மறுபாதியைப் பற்றிய ஒரு சிறு பாடமே இக்கட்டுரை.

நோயின் நிலை மாறியமை

இரண்டு தலைமுறைக்கு முன்பு இத்தகைய கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிராது. புற்றுநோய் என்னும் பெயரை வாயாற் சொல்லவும் அஞ்சி, ‘அந்த வருத்தம்’ என்று குறிப்பாற் பேசிவந்தோம். அப்பெயர் மரணத்தின் மறுபெயராகவே கருதப்பட்டது. 1912 ஆம் ஆண்டிலே சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் கேட்டபோது, இறக்கப்போகின்றவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்னும் மனப்பான்மையே எங்கும் எதிர்ப்பட்டது. அவர் சளைக்காது முயன்று, 1954 ஆம் ஆண்டிலே சென்னை அடையாற்றிற் பன்னிரண்டு படுக்கைகளுடன் சிறு அளவிலே தொடக்கிய புற்றுநோய் நிலையம் இன்று தென்னாடு முழுவதற்கும் புகலிடமாய் விளங்குகின்றது.

எம் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நெடுங்காலம் இந்நோய்க்காகக் கொழும்புக்கு அண்மையிலுள்ள மகரகமைக்கோ, கடல் கடந்து சென்னைக்கோ செல்லவேண்டியவராயிருந்தனர். போர்க்காலத்திலே ஏ-9 வீதி 1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2002 ஆம் ஆண்டு வரையும், மீண்டும் 2006 ஆம் ஆண்டு தொடக்கம் 2009 ஆம் ஆண்டு வரையும் மூடப்பட்டிருந்தமையால் நோயாளர் பட்ட துன்பத்தை இவ்விதழின் வாசகர் பலர் நேரே அறிவர். 2011 ஆம் ஆண்டிலே இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கும் வடகோடியான பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தைப் பலர் கால்நடையாகக் கடந்து நிதி திரட்டினர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தாரும் அந்நடையிற் கலந்துகொண்டனர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிலே எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. வடபுலத்து நோயாளர்க்கு அது பெரும் ஆறுதல்.

நோயை முன்கூட்டியே கண்டறிதலும், சத்திரசிகிச்சையும், கதிர்ச் சிகிச்சையும், மருந்துச் சிகிச்சையும் வளர்ந்ததன் பயனாக, நோயுற்றுத் தேறியவர் தொகை ஆண்டுதோறும் பெருகுகின்றது. அமெரிக்க வைத்தியர் பிற்ஸ்ஹியூ முல்லன் என்பவர் தாமே புற்றுநோயுற்றுத் தேறியவர். அவர் 1985 ஆம் ஆண்டிலே ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலே, ‘நோயாளி’, ‘குணமானவர்’ என்னும் இரண்டு நிலைகள் மாத்திரம் இருப்பதாக எண்ணுதல் பிழை என்றும், நோயைக் கடந்து வாழ்தல் பல பருவங்களையுடையது என்றும் விளக்கினார். கடுஞ்சிகிச்சை நடைபெறும் பருவம் முதலாவது. சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்னும் அச்சத்தோடு பலம் தேடும் பருவம் இரண்டாவது. நோய் பின்னே நின்றுவிட, அதன் தழும்புகளோடு வாழும் பருவம் மூன்றாவது. தொழிற் பிரச்சினை தலைதூக்குவது பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலேயே. அப்பருவத்திலோ வைத்தியசாலை அவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறையே காண்கின்றது. வேலைத்தலம் அவரை இன்னும் காணவில்லை. இரண்டிற்கும் நடுவே அவர் தனித்து நிற்கின்றார்.

சொல்லும் பொருளும்

சர்வதேசத் தொழில் தாபனம் 1955 ஆம் ஆண்டிலே தனது 99 ஆம் இலக்க விதப்புரையில் இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது. உடற்குறையோ மனக்குறையோ காரணமாக, ஏற்ற தொழிலைப் பெறும் வாய்ப்பும் அதனைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பும் பெரிதும் குறைந்தவர் எவரோ, அவரே அவ்விதப்புரையின் கருத்துப்படி உதவிக்குரியவர். தொழில் வழிகாட்டல், தொழிற்பயிற்சி, ஆளறிந்து வேலையில் அமர்த்தல் என்பன அவ்வுதவியின் கூறுகள். 1983 ஆம் ஆண்டிலே அத்தாபனம் இதனையே 159 ஆம் இலக்கச் சமவாயமாகவும் நிறைவேற்றியது.

இதனைத் தமிழிலே ‘தொழில்சார் புனர்வாழ்வு’ என்பர். ஆனால் எம் மண்ணில் 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ‘புனர்வாழ்வு’ என்னும் சொல் வேறொரு பொருளும் வேறொரு நினைவும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகலின் இக்கட்டுரையில் ‘தொழில் மீட்சி’ என்றே வழங்குவோம். பொருள் ஒன்றே.

இது எமக்கு முற்றும் புதியதன்று. போரினாற் கால் இழந்தோர்க்குச் செயற்கைக்கால் செய்துகொடுக்கும் ஜெய்ப்பூர் நிலையம் 1987 ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி வருகின்றது. கால் பொருத்துவதோடு பணி முடிந்தது என்று அந்நிலையம் எண்ணவில்லை. நடக்கத் தொடங்கியவர் உழைக்கவும் தொடங்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு அவரது வாழ்வாதாரத்திற்கும் உதவியது. கால் இழந்தவர் விடயத்தில் யாழ்ப்பாணம் கற்றுக்கொண்ட பாடத்தைப் புற்றுநோய் நீங்கியவர் விடயத்திலும் கற்றல் வேண்டும். இழந்த கால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். புற்றுநோய் விட்டுச்செல்லும் குறைகளோ பல வேளைகளிற் புறத்தே தெரிவதில்லை. அதுவே இங்குள்ள சிக்கல்.

நோய் விட்டுச்செல்வன

இலங்கையிற் பெண்களை மிகுதியாகத் தாக்குவது மார்பகப் புற்றுநோய்; ஆண்களை மிகுதியாகத் தாக்குவது வாய், உதடு, தொண்டை ஆகிய பகுதிகளின் புற்றுநோய். மார்பகச் சத்திரசிகிச்சையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும்; தோள் முழுதாக உயராது போகலாம். வாய்ப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றவர்க்கு வாய் அகலத் திறவாமை, உமிழ்நீர் வற்றுதல், பேச்சுக் குழறல் என்பன நேரலாம். குரல்வளை அகற்றப்பட்டவர் இயற்கைக் குரலையே இழக்கின்றார். பெருங்குடற் சிகிச்சையின் பின்னர் வயிற்றிற் செய்த வாயில் வழியாகப் பையொன்றில் மலம் கழிப்பவரும் உளர்.

கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையிற் சில மருந்துகள் விரல் நுனிகளிலும் பாதங்களிலும் விறைப்பை உண்டாக்குகின்றன. ஊசியில் நூல் கோத்தல், சட்டைப் பொத்தான் இடுதல் முதலிய நுண்செயல்கள் அதனாற் கடினமாகின்றன. ஞாபகமும் ஒருமுகப்பட்ட கவனமும் சில காலம் மந்தமாதல் உண்டு. இவை எல்லாவற்றிலும் பரவலானது களைப்பு. இக்களைப்பு ஓர் இரவு உறங்கினால் நீங்கும் களைப்பன்று. பார்வைக்கு நன்றாயிருக்கும் ஒருவர் முற்பகல் பதினொரு மணிக்கு மேசையிற் தலை சாய்க்க நேர்ந்தால், அதைச் சோம்பல் என்று மேலதிகாரி கருதுகின்றார். தம்மையே குறைகூறி அவரும் வருந்துகின்றார்.

எனினும் குறைகளை மிகைப்படுத்தி அஞ்சுதலும் தவறு. கை வீங்கும் என்று பயந்து, சத்திரசிகிச்சை பெற்ற பெண் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீரும் அள்ளலாகாது, பேரப்பிள்ளையையும் தூக்கலாகாது என்று தடுப்பது வழக்கமாயிருந்தது. 2009 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கை வீக்கமுள்ள பெண்கள் தகுந்த மேற்பார்வையிற் சிறுகச் சிறுகப் பாரம் தூக்கிப் பழகியபோது வீக்கம் அதிகரிக்கவில்லை என்று காட்டியது. களைப்புக்கும் அளவான நடையும் உடற்பயிற்சியும் நல்ல மருந்தென்பது இன்று மருத்துவர் ஒப்பிய முடிபு. எல்லையறிந்து உழைத்தல் உடலைத் தேற்றும். அளவிறந்த ஓய்வு அதனைத் தளர்த்தும்.

இனி, உலக அனுபவத்தை நோக்குவோம். 2009 ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளிற் செய்யப்பட்ட 36 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியது. புற்றுநோயைக் கடந்தவர்களுள் 33.8 வீதத்தினர் வேலையின்றி இருந்தனர். நோயுறாத ஒப்பீட்டுக் குழுவினருள் அவ்வாறிருந்தோர் 15.2 வீதத்தினரே. 2011 ஆம் ஆண்டின் மற்றொரு மதிப்பாய்விலே, தேறியவருள் வேலைக்குத் திரும்பியோர் சராசரியாக 63.5 வீதம் எனக் காணப்பட்டது. அந்த வீதமோ ஆய்வுக்கு ஆய்வு 24 தொடக்கம் 94 வரை வேறுபட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு நோயின் கடுமை ஒரு காரணம்; தொழிலின் தன்மையும் சூழலின் ஆதரவும் ஏனைய காரணங்கள். 2015 ஆம் ஆண்டிலே புதுக்கப்பட்ட கொக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி, மனத்துணை, தொழில் ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கிணைத்து வழங்கிய இடங்களில் வேலைக்குத் திரும்பியவர் தொகை கூடியது என்று முடிவு செய்தது. ஒன்றை மாத்திரம் தனித்துச் செய்தல் போதாது என்பதே அதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

மீட்சியின் படிகள்

முதற்படி, தொழிலை வினாவுதல். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே ‘நீர் என்ன தொழில் செய்கின்றீர்?’ என்று கேட்டு, அவ்விடையை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பதிவுப் படிவத்தில் ‘கூலி’, ‘விவசாயம்’, ‘வீட்டுப்பணி’ என்று ஒரு சொல்லில் முடிப்பது போதாது. தையற்காரி ஒருவருக்கு விரல் விறைப்பு எத்துணைப் பெரிய இழப்பு என்பதை வைத்தியர் முன்கூட்டி அறிந்தால், அவ்விறைப்புத் தொடங்கும்போதே அதனைக் கவனிக்கலாம். எந்த மருந்தைத் தெரிவது என்பதிற் சிறு தேர்வுக்கு இடமிருப்பின், அங்கும் அவ்வறிவு உதவும்.

இரண்டாம் படி, தொழிலைக் கூறுபடுத்தல். ஒரு தொழில் என்பது ஒரே செயல் அன்று. பல செயல்களின் தொகுதி. ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். அவர் பாடம் சொல்கின்றார், கரும்பலகையில் எழுதுகின்றார், கொப்பி திருத்துகின்றார், வினாத்தாள் ஆக்குகின்றார், நூல்நிலையத்தை மேற்பார்வை செய்கின்றார், விளையாட்டு மைதானத்தில் நிற்கின்றார். தொண்டைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவருக்கு இவற்றுள் முதலாவதே கடினமானது. ஏனையவற்றை அவர் நன்கு செய்வார். சிறு ஒலிபெருக்கியொன்று, மேசையில் ஒரு போத்தல் தண்ணீர், அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வராத நேரசூசி என்பன கிடைத்தால் முதலாவதையும் ஓரளவு செய்யக்கூடும். ‘அவராற் படிப்பிக்க ஏலாது’ என்ற ஒற்றை முடிவு, ஆறு செயல்களுள் ஒன்றைக் கண்டு ஐந்தையும் கைவிடுகின்றது.

மூன்றாம் படி, வேலையை ஆளுக்கேற்ப அமைத்தல். சின்ன வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்டக்காரப் பெண், வீக்கம் வரக்கூடிய கையிற் காயமும் தீப்புண்ணும் படாமற் காத்தல் அவசியம். கையுறை அணிந்து வேலை செய்தல், கூடையைச் சிறிதாக்கி இரண்டு தடவை சுமத்தல், வெயிலேறுமுன் வேலையை முடித்தல் என்பன பணச்செலவில்லாத மாற்றங்கள். தையற்காரிக்குக் கால்மிதி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தலாம்; ஊசிவேலையை மற்றொருவர் செய்ய, வெட்டும் வேலையை அவர் ஏற்கலாம். கடைச் சிப்பந்திக்கு இருந்து பணிசெய்ய ஓர் ஆசனம் கொடுத்தாலே பாதித் தடை நீங்கும். வயிற்றுப் பை அணிந்தவருக்கு வேண்டியது சுத்தமான மலசலகூடமும், சென்றுவரச் சிறிது அவகாசமும், துருவிக் கேளாத தோழருமே.

நான்காம் படி, படிப்படியாகப் புகுதல். ஜெர்மனியிலே வேலை நேரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டித் திரும்பும் முறைக்குச் சட்டமே இடமளிக்கின்றது. நாமும் உடன்பாட்டின்பேரில் அதனைச் செய்யலாம். எழுதுவினைஞர் ஒருவர் முதல் இரண்டு வாரம் கிழமைக்கு மூன்று அரைநாள். அடுத்த இரண்டு வாரம் ஐந்து அரைநாள். அதன்பின் இரண்டு முழுநாளும் மூன்று அரைநாளும். எட்டாம் ஒன்பதாம் வாரமளவில் முழு வேலை. இவ்வாறு ஓர் அட்டவணையை எழுத்தில் வகுத்துக்கொண்டால், எப்போது முழுப்பலனை எதிர்பார்க்கலாம் என்று தலைமை உத்தியோகத்தர் அறிவார். இன்று அரைநாளில் எழுந்து செல்வது குற்றமன்று என்று வந்தவரும் அறிவார். கிளினிக்குச் செல்லும் நாட்களையும் அவ்வட்டவணையிற் குறித்தல் வேண்டும். நெடுந்தீவிலிருப்பவர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்திற் தெல்லிப்பழை சென்று மீள்வதற்கு ஒரு பகற்பொழுது முழுவதும் வேண்டும் என்பதை நினைவில் இருத்துக.

ஐந்தாம் படி, பழைய தொழில் இயலாதபோது புதிய தொழில் பயிலுதல். தோள் உயராத சீவற் தொழிலாளி மீண்டும் பனையேறுதல் ஆபத்து. ஆனால் பனையைப் பற்றி அவருக்குள்ள அறிவு தோளோடு போய்விடவில்லை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்திலே பதநீர் ஏற்றல், தரம் பார்த்தல், பனங்கட்டி காய்ச்சுதல், கணக்கு எழுதுதல் என்பவற்றுள் ஒன்றிற்கு அவ்வறிவே முதலீடு. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் முறையிலே, பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவரும் கைப்பழக்கத்தாற் பெற்ற திறமையை மதிப்பிடுவித்துச் சான்று பெறலாம் என்பதைப் பலர் அறியார். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சி நெறிகளும் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. திரும்பும் தொழில் நோயைத் திரும்ப அழைக்கும் தொழிலாயிருத்தல் ஆகாது. வாய்ப் புற்றுநோயிலிருந்து தேறியவர் சுருட்டுக் கொட்டிலில் அமர்ந்து புகையிலையோடு பகல் முழுவதும் பழகினால், விட்ட பழக்கம் எளிதிற் திரும்பும். வெற்றிலைப்பையும் கைவிடல் வேண்டும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது. வேலைத்தலத்திலே உபசாரமாக வெற்றிலைத் தட்டை நீட்டும் தோழர் இதனை நினைத்தல் நலம்.

ஆறாம் படி, தொடர்ந்து விசாரித்தல். வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலே மாலை சூட்டி வரவேற்பதிலும் பார்க்க, மூன்றாம் மாதத்தில் ‘வேலை எப்படி? எங்கே கடினமாயிருக்கின்றது?’ என்று கேட்பதே பயன் தருவது. ஆரம்ப உற்சாகம் அடங்கித் தளர்ச்சி தோன்றும் வேளையிலேயே பலர் வேலையை விட்டுவிடுகின்றனர்.

நம் நாட்டுத் தடைகள்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அதனைக் கேட்டு நகைப்போம். ஆயினும் நோய் வரும் காலத்திலே அதன் உண்மை விளங்குகின்றது. அரசாங்க உத்தியோகத்தருக்கு விடுமுறையும், திரும்பி வந்து அமர ஒரு கதிரையும், இறுதியில் ஓய்வூதியமும் உள்ளன. தனியார் கடையிலோ அலுவலகத்திலோ பணிபுரிபவருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை காரியாலய ஊழியர் சட்டம் அளிப்பது ஆண்டுக்குப் பதினான்கு நாள் வருடாந்த விடுமுறையும், சுகவீனம் முதலியவற்றுக்கு ஏழு நாளுமே. ஆக இருபத்தொரு நாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு தடவை மருந்துச் சிகிச்சை பெறுவதற்கே நாலு மாதம் செல்லும். அதன்மேற் கதிர்ச் சிகிச்சைக்குச் சில வாரம். இருபத்தொரு நாள் எங்கே, ஐந்தாறு மாதம் எங்கே! இடைவெளியை நிரப்புவது முதலாளியின் மனச்சாட்சி ஒன்றே. தோட்டக்காரர், மீனவர், மேசன், முச்சக்கரவண்டிச் சாரதி ஆகியோருக்கு அந்த இருபத்தொரு நாளும் இல்லை.

சட்டத்தின் சொல்லும் சில வேளை துணைநிற்பதில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், ஆட்சேர்ப்பில் அவர்களுக்கு வேற்றுமை காட்டலாகாது என்று விதித்தது நற்செயலே. ஆனால் உடல் அல்லது உளக் குறைவினாலே தம் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தாமே நிறைவு செய்ய இயலாதவர் என்று அச்சட்டம் அவரை வரையறுத்தது. புற்றுநோய் நீங்கியவரோ தம் தேவைகளைத் தாமே நிறைவு செய்ய வல்லவர், வாய்ப்புத்தான் இல்லை. முன்னே கூறிய 1955 ஆம் ஆண்டு இலக்கணத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். அங்கே அளவுகோல் தொழில் வாய்ப்பின் குறைவு. இங்கே அளவுகோல் வாழ்வின் இயலாமை. பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாள் தொட்டே ஒருவருக்கு வேலைத்தலத்திற் பாதுகாப்பு அளிக்கின்றது. ஜப்பான் 2016 ஆம் ஆண்டிலே தன் புற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, நோயுற்ற ஊழியரைத் தொடர்ந்து வேலையில் வைத்திருக்க முயலும் கடமையை முதலாளிமார்க்கு உரித்தாக்கியது. இவை எம் சட்ட அறிஞர் சிந்திக்கத்தக்கவை.

மற்றொரு பொறியையும் காட்டவேண்டும். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ், நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலைசெய்ய இயலாதவர் என்று வைத்தியர் சான்று பகர்ந்தால் அந்நிதியை உரிய வயதுக்கு முன்னரே பெறலாம். கடன் நெருக்கும் குடும்பத்துக்கு இது பெரும் உதவியாய்த் தோன்றும். ஆனால் நாற்பத்தைந்து வயதிலே அச்சான்றைப் பெறுபவர் ‘நான் இனி உழைக்க மாட்டேன்’ என்று கையொப்பம் இடுகின்றவர் ஆகின்றார். தேறக்கூடியவர் அவசரத்தில் அவ்வழியிற் செல்லாவண்ணம் அறிந்தோர் ஆலோசனை கூறல் வேண்டும்.

இவை யாவற்றினும் கொடிய தடை மௌனம். இந்நோய் தொற்றாது என்று படித்தவரும் அறிவர். அறிந்தும் நோயுற்றவர் குடித்த கோப்பையைத் தனியே வைக்கும் வீடுகள் உண்டு. மகளின் விவாகப் பேச்சுக் குழம்பும் என்று தாயின் நோயை மறைப்பவர் உண்டு. மறைத்த நோய்க்கு விடுமுறை கேட்க இயலாது. வேலையை இலகுவாக்கித் தரும்படியும் கேட்க இயலாது. பெண்களின் தொழிலோ கண்ணுக்கே படுவதில்லை. விடியமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, ஆட்டுக்குக் குழை வெட்டி, தோட்டத்தில் இறைப்புப் பார்ப்பவரைப் படிவத்தில் ‘தொழில் இல்லை’ என்று எழுதுகின்றோம். தொழில் இல்லாதவருக்கு மீட்சி எதற்கு என்று எவரும் கேளாமலே விட்டுவிடுகின்றோம். அவரோ சிகிச்சை முடிந்த மறுவாரமே, எவ்வித படிமுறையும் இன்றி, அத்தனை வேலையிலும் ஒருங்கே இறங்கிவிடுகின்றார்.

எமது கடன்

நோய் கடுமையாயிருந்து உழைக்க இயலாதவர் உளர். முதுமையடைந்து ஓய்வை விரும்புபவர் உளர். அவர்களை வேலைக்குப் போகும்படி வற்புறுத்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. அவர்க்கு உரியது பராமரிப்பும் உதவிப்பணமும். உழைக்க விரும்பி, உழைக்கவும் வல்லவராயிருந்து, கதவு அடைபட்டமையால் வெளியே நிற்பவரைப் பற்றியே இங்குப் பேசினோம்.

அக்கதவைத் திறக்கும் திறவுகோல் பெரும்பாலும் எம் போன்றோர் கையிலேயே உள்ளது. கல்லூரியின் பழைய மாணவருட் பலர் அலுவலகத் தலைவர். பலர் வியாபார நிலையங்களின் உரிமையாளர். வைத்தியர், சட்டத்தரணிகள், வங்கி முகாமையாளர், கூட்டுறவுச் சங்கத் தலைவர், அதிபர்கள் பலர். ஊழியர் ஒருவர் நோயுற்றதை அறிந்த அன்றே, ‘உமது இடம் உமக்கே இருக்கும், திரும்பும் முறையைப் பின்பு சேர்ந்து வகுப்போம்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அக்கடிதத்துக்குச் செலவாவது ஒரு தாள். சிகிச்சைக் கட்டிலிற் படுத்திருப்பவருக்கோ அது பெரும் பலம்.

வைத்தியராயுள்ளோர் ‘இலகுவான வேலை’ என்று இரண்டு சொல்லிற் சான்று எழுதுவதை விடுத்து, எவ்வளவு பாரம் தூக்கலாம், எத்தனை மணி நேரம் நிற்கலாம், எத்தனை வாரம் இக்கட்டுப்பாடு என்று விளக்கமாக எழுதுவாராக. சட்டத்தரணிகள் இலவச ஆலோசனைக்கு மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்குவாராக. பிரதேச செயலகங்களிலுள்ள சமூக சேவை உத்தியோகத்தருக்கும் வைத்தியசாலைக்கும் இடையே தகவல் செல்ல வழி செய்வாராக. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் கல்லூரிக்கு அனுப்பும் நன்கொடையிற் சிறு பகுதியை ஒரு தையல் மோட்டார், ஒரு ஒலிபெருக்கி, ஒரு நீர்ப்பம்பு என உழைப்புக் கருவிகளாக மாற்றலாம். பெருந்தொகை வேண்டியதில்லை, தக்க ஆளும் தக்க கருவியும் தக்க தருணமும் பொருந்தினாற் போதும்.

மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீண்ட விடுமுறையின் பின்னர் மெலிந்த உடலும் மாறிய குரலுமாக ஓர் ஆசிரியர் வகுப்பறைக்குள் வருவாராயின், அவரது குரல் கடைசி வாங்கிலுள்ளோர்க்கும் கேட்கும்வண்ணம் அமைதி காத்தல் அவ்வகுப்பினரால் இயலும். எந்த மருத்துவ நூலும் கூறாத சிகிச்சை அது.

தொடக்கத்தில் நாம் விட்டுவந்த படலையடிக்கு மீள்வோம். அங்குக் கூடியிருப்பவருள் நாமும் ஒருவராய் நிற்கின்றோம். விபூதியும் பழமும் அன்பின் அடையாளங்களே, அவை வேண்டும். வாய்திறந்து சொல்லும் வார்த்தையை மாத்திரம் மாற்றுவோம். ‘இனி ஒரு வேலையும் செய்யவேண்டாம்’ என்பதற்கு ஈடாக, “எப்ப வேலைக்குத் திரும்ப யோசிச்சிருக்கிறியள்? அதுக்கு நாங்கள் என்ன செய்யவேணும்?” என்று கேட்போம். அவ்வினாவுக்கு அவர் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேட்டு, அதன்படி ஒரு காரியமேனும் செய்து முடிப்போமாக.